சாக்கு எடையைக் கழிச்சுப் பாருங்க: 120 ஜிபிக்கு ஈ3யா, டிஎஸ்3யா, ஈதர்நெட்டா?

பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். காலேஜ்ல கூடப் படிச்சவன் ஒருத்தன் ராத்திரி பத்தரை மணிக்கு ஃபோன் பண்றான். கோயமுத்தூர் பக்கம் பம்ப்செட் பண்ற ஒரு கம்பெனில ஐடி மொத்தமும் அவன் ஒருத்தன் தலைல. "மச்சி, 33.3 எம்பிபிஎஸ் வேணும், ஈ3ன்னா 34.368ன்னு கன்வெர்ட்டர் சொல்லுது, போதும்தானேடா, காலைல ஆர்டர் போடணும்"னான். ஈ3, டிஎஸ்3ங்கறதெல்லாம் டெலிகாம் கம்பெனி ரெண்டு இடத்துக்கு நடுவுல வாடகைக்கு விடுற லீஸ்டு லைன் வகைகளோட பேர், அந்த 34.368 ஈ3யோட வேகம், செகண்டுக்கு இத்தனை மெகாபிட்னு. கன்வெர்ட்டர்னு அவன் சொன்னது ஒரு அளவை இன்னொரு அளவா மாத்திக் காட்டுற யூனிட் கன்வெர்ட்டர். நான் அப்போ டிரான்ஸ்மிஷன் பக்கம் வேலை பாத்துட்டு இருந்தேன், அதான் எனக்கு ஃபோன். போடாதடா, ஒரு நாள் பொறுன்னு சொல்லிட்டு மறுநாள் பூரா பேப்பரும் பேனாவுமா உக்காந்தோம். அந்தக் கணக்கு இன்னைக்கும் டெண்டர் எழுதுறவங்களுக்கு, பழைய லீஸ்டு லைனை மாத்தலாமா வேண்டாமான்னு முழிக்கிறவங்களுக்கு உதவும், அதனாலதான் எழுதுறேன்.

அவன் தேவை இதுதான். கோயமுத்தூர் ஆலைல இருந்து சென்னைல இருக்கிற சர்வருக்கு தினம் ராத்திரி 120 ஜிபி பேக்கப் போகணும், 10 மணிக்கு ஆரம்பிச்சா காலைல 6 மணிக்குள்ள முடியணும், பகல்ல அதே ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஒரே நேரத்துல 45 ஃபோன் கால் வரை ஓடணும். கொட்டேஷன்ல அஞ்சு வழி இருந்துச்சு: ஈ1 லைனைக் கட்டுக் கட்டா எடுக்கிறது, ஒரு ஈ3, ஒரு டிஎஸ்3, ஒரு எஸ்டிஎம்-1, இல்லைன்னா 50 எம்பிபிஎஸ் ஈதர்நெட். இவன் 120ஐ 8ஆல பெருக்கி 960 ஜிகாபிட், அதை 28,800 செகண்டால வகுத்து 33.3, அதைக் கொண்டுபோய் கன்வெர்ட்டர்ல போட்டு 0.97 ஈ3ன்னு வந்ததும் சந்தோஷப்பட்டுட்டான். ஒண்ணுக்குக் கீழ வந்துடுச்சுல்ல, அப்போ ஒண்ணு போதும், அவ்ளோதான் அவன் லாஜிக்.

முதல் ஓட்டை அந்த 120லயே இருந்துச்சு. எங்க இருந்துடா எடுத்தேன்னு கேட்டா, விண்டோஸ்ல ஃபோல்டர் ப்ராப்பர்ட்டிஸ்ல பாத்தேங்கறான். விண்டோஸ் ஜிபின்னு போடுறது 1024ஐ மூணு தடவை பெருக்கின ஜிபி. டெலிகாம்காரனுக்கு கிலோன்னா 1000, மெகான்னா பத்து லட்சம், ஆதியில இருந்தே அப்படித்தான், அங்க 1024க்கு இடமே கிடையாது. அப்போ விண்டோஸ் சொல்ற 120 ஜிபி லைன்ல ஏறுறப்போ 128.85 ஜிபி. திரும்பக் கணக்கு போட்டா 33.3 இல்ல, 35.79 எம்பிபிஎஸ். ஈ3 அந்த இடத்துலயே அவுட். ஆனா கதை அதோட முடியல, ஏன்னா அவன் ஒழுங்கா 1000 கணக்குல 120 வெச்சிருந்தாலும் ஈ3 பத்தியிருக்காது. அது ஏன்னு புரிஞ்சாதான் மத்த நாலையும் ஒழுங்கா ஒப்பிட முடியும்.

அந்த மாதிரி கன்வெர்ட்டர் எதையாவது திறந்து பாருங்க, கீழ இழுத்துட்டே போனா டி1 (சிக்னல்), டி1 (பேலோட்), ஈ3 சிக்னல், ஈ3 பேலோட், எச்0, எச்11, எச்12, ஓசி-3, எஸ்டிஎம்-16ன்னு ஒரு பெரிய வரிசை வரும். சிக்னல்னா லைன்ல ஓடுற மொத்த வேகம், பேலோட்னா அதுக்குள்ள போற சரக்கு மட்டும். மீட்டர், அடி, கஜம் மாதிரி இதையும் அளவுன்னு நெனச்சு லிஸ்ட்ல போட்டு வெச்சிருக்காங்க. என் தகராறே அங்கதான். அடி அளவுதான், அதுல சந்தேகமில்ல. ஈ3ங்கறது அளவு இல்ல, அது ஒரு சாக்கு. அந்தச் சாக்குல என்ன கொட்டப் போறீங்கன்னு தெரியாம எத்தனை கொள்ளும்னு யாராலயும் சொல்ல முடியாது.

எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு மனுஷக் குரல். ஃபோன்ல போற குரல் 300ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ், கொஞ்சம் ஓரம் விட்டு 4,000ன்னு வெச்சுக்கிட்டு, அதுக்கு ரெண்டு மடங்கா செகண்டுக்கு 8,000 தடவை சாம்பிள் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் 8 பிட் குடுத்தா 64,000. இந்த 64 கேபிபிஎஸ்தான் அரிசி மணி. 1962ல அமெரிக்கால பெல் சிஸ்டம் டி1னு கொண்டுவந்தப்போ 24 குரலைச் சேர்த்தாங்க, 24ஐ 8ஆல பெருக்கி 192 பிட், எங்க ஆரம்பம்னு தெரியறதுக்கு ஒரே ஒரு பிட் கூட, ஆக 193, இந்தக் கட்டுக்குப் பேர் ஃப்ரேம், அதை செகண்டுக்கு 8,000 தடவை அனுப்பினா 15,44,000. அதான் 1.544. ஐரோப்பால அதைப் பாத்துட்டு 32 அறை கட்டினாங்க, 32ஐ 64ஆல பெருக்கினா 2,048. முதல் அறை ஃப்ரேம் அடையாளத்துக்கு, 16ஆம் அறை சிக்னலிங்குக்கு, அதாவது கால் எப்போ தொடங்குது, எப்போ முடியுதுங்கற சேதிக்கு, மிச்சம் 30 அறைல குரல். அதான் ஈ1. இந்தியாவும் இந்தப் பக்கம்தான். சிக்னலிங் வேண்டாம், வெறும் டேட்டா போதும்னா 31 அறை கிடைக்கும், 1.984. ஃப்ரேமே வேண்டாம்னா முழு 2.048. ஆக ஒரே ஈ1க்கு 1.92, 1.984, 2.048னு மூணு பதில். மூணுமே சரி. என்ன கொட்டுறீங்கங்கறதைப் பொறுத்தது.

டி1ல இன்னும் கூத்து. அங்க சிக்னலிங்குக்குத் தனி அறை கிடையாதுல்ல, அதனால ஆறு ஃப்ரேமுக்கு ஒரு தடவை குரல் பிட்லயே கடைசி பிட்டைத் திருடுவாங்க, பேரே திருட்டு பிட் சிக்னலிங்தான். குரலுக்கு அது காதுல விழாது, ஆனா டேட்டா அனுப்புறவன் எந்த ஃப்ரேம்ல திருடுவாங்கன்னு தெரியாததால அந்த எட்டாவது பிட்டையே தொட மாட்டான், 64 போய் 56 ஆகும். கன்வெர்ட்டர்ல டி1 பேலோட் 1.344னு போட்டிருக்கிறது 24ஐ 56ஆல பெருக்கினது. இது தெரியாம அந்த எண்ணை எடுத்து ஒரு நவீன டேட்டா லிங்குக்குப் போட்டீங்கன்னா சும்மா கிடைக்கிறதைக் கோட்டை விடுவீங்க.

இப்போ அந்த ஈ3க்கு வருவோம். நாலு ஈ1 சேர்ந்தா ஈ2 8.448, நாலு ஈ2 சேர்ந்தா ஈ3 34.368. 2.048ஐ ரெண்டு தடவை நாலால பெருக்கினா 32.768தானே வரணும், மிச்சம் 1.6 எங்கன்னு கேப்பீங்க. ஒவ்வொரு ஈ1ம் தன் சொந்த க்ளாக்ல ஓடும், ஒண்ணு கொஞ்சம் வேகம், ஒண்ணு கொஞ்சம் மந்தம், அதையெல்லாம் ஒரே வேகத்துக்கு ஒத்துக்க வைக்க நடுவுல சும்மா பிட்டு திணிப்பாங்க, அதுவும் ஃப்ரேம் அடையாளமும் சேர்ந்ததுதான் அந்த 1.6. நம்ம ஊர்ல பழைய ஃபைபர் சிஸ்டம் 8, 34, 140ன்னுதான் பேர் சொல்லுவாங்க, 120 சேனல், 480 சேனல், 1,920 சேனல். கன்வெர்ட்டர் ஈ3 பேலோட் 30.72னு காட்டுறது அந்த 480ஐ 64ஆல பெருக்கினது. அப்போ என் ஃப்ரெண்டு முன்னாடி ரெண்டு எண். சிக்னல் பாத்தா 34.368, பத்தும். பேலோட் பாத்தா 30.72, பத்தாது. ரெண்டுமே அவனுக்கான எண் இல்ல.

அவனுக்கானது எப்படி வரும்னா, அவன் சேனல் சேனலா பிரிக்கப் போறதில்ல, மொத்தமா ஒரே குழாயா ரவுட்டர்ல சொருகப் போறான். அப்போ ஒவ்வொரு 1,536 பிட்லயும் 12 பிட்தான் ஃப்ரேமுக்குப் போகும், மிச்சம் 34.1 கைக்கு வரும். அது மேல பிபிபி, அதாவது ரவுட்டர் பாக்கெட்டை லைன்ல ஏத்தச் சுத்துற உறை, உக்காரும், 1,500 பைட் பாக்கெட்டுக்கு 7 பைட் கூட, அந்த 1,500குள்ள ஐபி, டிசிபி ஹெட்டர், அதாவது முகவரிச் சீட்டு, 40 போக உண்மையான ஃபைல் 1,460. ஆக 1,507க்கு 1,460. கணக்கு போட்டா 33.04 எம்பிபிஎஸ். அவனுக்கு வேண்டியது, அவன் கணக்குப்படியே, 33.33. முழு லைனையும் ஒரு நொடி சும்மா விடாம அடிச்சாலும் 8 மணி நேரத்துல 118.9 ஜிபிதான் போய்ச் சேரும், நிஜமான 128.85க்கு 8 மணி 40 நிமிஷம். ஆர்டர் போட்டிருந்தா காலைல 6 மணிக்கு வேலை தொடங்கறவன் அரைகுறை பேக்கப்பைப் பாத்து முழிச்சிருப்பான்.

இதை அவன் முதலாளிக்குச் சொல்லப் போனோம், ஸ்பீக்கர்ல. நான் ஓவர்ஹெட், ஃப்ரேமிங், பேலோடுன்னு பேசிட்டே போறேன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "ஏனுங்க, எங்க அப்பா கொப்பரை மண்டி வெச்சிருந்தாருங்க, மூட்டை எடை போட்டா சாக்கு எடை கழிச்சுத்தானுங்க காசு, நீங்க சொல்றது அதுதானுங்களே?"ன்னார். எனக்கு பத்து நிமிஷமா வராத வார்த்தை அவருக்கு ரெண்டே செகண்டுல வந்துச்சு. அதுக்கப்புறம் அன்னைக்கு பூரா ஓவர்ஹெட்ங்கற வார்த்தையே யாரும் சொல்லல, எல்லாம் சாக்கு எடைதான். இன்னும் சொல்லப்போனா இங்க சாக்குக்குள்ள சாக்கு, ஃப்ரேமிங் ஒரு சாக்கு, பிபிபி ஒரு சாக்கு, ஐபி ஒரு சாக்கு, கொப்பரை உள்ளே எங்கயோ இருக்கு.

அடுத்து டிஎஸ்3. இது அமெரிக்கச் சரக்கு, 28 டி1 சேர்ந்தது, 44.736, 672 குரல். ஈ1 நாட்டுல இது எப்படி வந்துச்சுன்னு நிறைய பேருக்கு ஆச்சரியம். காரணம் எஸ்டிஹெச், பல லைனைக் கண்டெய்னர் கண்டெய்னரா அடுக்கி ஒரே ஃபைபர்ல அனுப்புற முறை. எஸ்டிஎம்-1க்குள்ள மூணு விசி-3 கண்டெய்னர் வைக்கலாம், ஒவ்வொண்ணும் 48.384 கொள்ளும், அதுல 34ஐயும் வைக்கலாம், 45ஐயும் வைக்கலாம், இடம் ஒரே இடம்தான். அப்போ கம்பெனிக்காரன் 34 குடுத்தாலும் அவனுக்கு ஒரு கண்டெய்னர் செலவு, 45 குடுத்தாலும் அதே கண்டெய்னர். அப்புறம் யாரு 34 விப்பாங்க. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005ல லீஸ்டு லைனுக்கு உச்சவரம்பு விலை வெச்சப்போ ஈ1, டிஎஸ்3, எஸ்டிஎம்-1 மூணுக்கும் வெச்சாங்க, அப்புறம் 2014ல எஸ்டிஎம்-4ஐயும் சேர்த்தாங்க. ஈ3 அந்தப் பட்டியல்லயே இல்லாததுக்கு ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

டிஎஸ்3 கணக்கு சுலபம். 85ல 84 பங்கு டேட்டா, அதாவது 44.21. அதே பிபிபி, டிசிபி சாக்கைக் கழிச்சா 42.83. நம்ம 35.79 இதுல தாராளமா உக்காரும், 128.85 ஜிபிக்கு 6 மணி 41 நிமிஷம். "45னு சொல்லிட்டு 42தான் வருதுங்களா"ன்னு முதலாளி கேட்டார், ஆமாங்கன்னேன், சரிங்கன்னுட்டார். ஆனா டிஎஸ்3க்கு ரவுட்டர்ல தனி கார்டு வேணும், கோஆக்ஸ் கேபிள், ரெண்டு பக்கமும் அதே கார்டு. அந்தக் கார்டு விலை அவன் பட்ஜெட்ல எங்கயுமே எழுதல. லைன் வாடகைய மட்டும் ஒப்பிட்டுட்டு இருந்தோம் அதுவரைக்கும்.

ஈ1 கட்டு வழியைப் பத்தி நீளமா சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா கன்வெர்ட்டர் எப்படி ஏமாத்தும்னு காட்ட இதை விட நல்ல உதாரணம் கிடையாது. 33.33ஐ 2.048ஆல வகுத்தா 16.3, ஆக 17 லைன். 35.79ஐ வகுத்தா 18. ஒவ்வொரு ஈ1க்கும் 1.984தான்னு தெரிஞ்சு, சாக்கு எடை கழிச்சு 1.92ன்னு வெச்சா 19. அந்த 19ம் ஓடினா 7 மணி 50 நிமிஷம், பத்து நிமிஷம்தான் கையிருப்பு. 19ல ஒண்ணு எங்கயோ தோண்டுறப்போ போச்சுன்னா காலைல லேட். என் கருத்து, 4 ஈ1 வரைக்கும் கட்டலாம், 8 வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கட்டலாம், அதுக்கு மேல கட்டுறவன் வேற வழியே இல்லாதவன்.

வகுத்தல்ல இன்னொரு பெரிய பொறி, பெரிய சாக்குல சின்ன சாக்கு எத்தனைங்கற கேள்வி. எஸ்டிஎம்-1 155.52, ஈ1 2.048, வகுத்தா கன்வெர்ட்டர் 75.94னு காட்டும். நிஜத்துல 63தான். மூணு ஈ1 ஒரு தொகுப்பு, அப்படி ஏழு தொகுப்பு, அப்படி மூணு, 3 x 7 x 3. ஒண்ணு கூட உள்ள போகாது. பழைய 140 சிஸ்டம் நாலு நாலா பெருக்கி 64 ஈ1 கொள்ளும், அதனால 140ஐ எடுத்துட்டு எஸ்டிஎம்-1 வெச்ச இடத்துல எல்லாம் வேகம் கூடியும் ஒரு ஈ1 குறையும். அந்த 64ஆவது ஈ1 யாரோடதுன்னு ஒரு நடுராத்திரி மைக்ரேஷன்ல நாங்க தேடினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. டிஎஸ்3லயும் அப்படித்தான், வகுத்தா 21.84 ஈ1, உள்ள போறது 21. டி1ஐ எஸ்டிஎம்-1ல வெச்சா வகுத்தல் 100ன்னும், நிஜம் 84ன்னும் சொல்லும். தசமப் புள்ளிக்கு முன்னாடி இருக்கிற எண்ணைக்கூட நம்ப முடியாத கன்வெர்ஷன் இது.

எஸ்டிஎம்-1 தனியா பாத்தா அழகான சாமான். 9 வரிசை, 270 நெடுவரிசை, ஒரு ஃப்ரேம் 2,430 பைட், செகண்டுக்கு 8,000 ஃப்ரேம், 155.52. பழைய அந்த 8,000 மாறவே இல்ல பாருங்க, இத்தனை பெரிய ஃப்ரேமும் ஒரு குரல் சாம்பிளோட தாளத்துலயேதான் ஓடுது. அமெரிக்காகாரன் சோனெட்ங்கற தன்னோட முறைல இதையே ஓசி-3ன்னு சொல்லுவான். ஓவர்ஹெட் நெடுவரிசை எல்லாம் போக 260 கிடைக்கும், 149.76, பாக்கெட் சாக்கும் கழிச்சா 145. பேக்கப் 2 மணி நேரத்துல முடிஞ்சுடும். அப்புறம் 6 மணி நேரம் சும்மா கிடக்கும், காசு மட்டும் 24 மணி நேரத்துக்கும். ஆனா ஒண்ணு, இதை முழுசா எடுக்காம பிரிச்சு வாங்கினா ஒரு மூணுல ஒரு பங்குல 45ஐ வெச்சுட்டு மிச்ச ரெண்டு பங்குல 42 ஈ1 வெச்சுக்கலாம். ஆலை, ஆபீஸ், எக்ஸ்சேஞ்ச்னு எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சிருக்கிற பெரிய கம்பெனிக்கு அது லாபம். நம்ம பம்ப்செட்காரருக்கு யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான்.

ஈதர்நெட் 50. இங்க எல்லாருக்கும் ஒரு நிம்மதி வரும், 50ன்னா 50, கன்வெர்ஷனே இல்லைன்னு. அது பாதிதான் உண்மை. எந்த மட்டத்துல 50ன்னு கேளுங்க. ஈதர்நெட் ஃப்ரேம் 1,518 பைட், அதுக்கு முன்னாடி 8 பைட் தாளம் போட, பின்னாடி 12 பைட் இடைவெளி, ஆக ஒயர்ல 1,538. இந்த இருபதையும் சேர்த்து எண்ணி 50ன்னா ஃபைலுக்கு 47.46, ஃப்ரேமை மட்டும் எண்ணி 50ன்னா 48.09. பெரிய பாக்கெட்டுக்கு வித்தியாசம் கொஞ்சம். 64 பைட் குட்டிப் பாக்கெட்டா இருந்தா 84ல 64, கிட்டத்தட்ட கால்வாசி காணாமப் போகும். சின்னச் சின்ன டிரான்சாக்‌ஷனா அனுப்புற பேங்க் மாதிரி இடங்கள்ல ஸ்பீடு வரலைன்னு சண்டை வரதுக்குப் பாதிக் காரணம் இதுதான், ரெண்டு பக்கமும் பொய் சொல்லல, வேற வேற சாக்கோட எடை போடுறாங்க.

அதை விட முக்கியம், உங்க கைல ஈதர்நெட் கேபிள் குடுக்கிறாங்கன்னா நடுவுல பூரா ஈதர்நெட்னு அர்த்தம் இல்ல. அன்னைக்கு நடுவுல எஸ்டிஹெச்தான் ஓடுச்சு, பல இடத்துல இன்னைக்கும். அப்போ 50 எம்பிபிஎஸ்ஸை அவங்க கண்டெய்னர்ல அடைக்கணும். விசி-12 ஒண்ணு 2.176 கொள்ளும், 23 எடுத்தா 50.048, அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கும். 10 எம்பிக்கு 5, 100 எம்பிக்கு 46, இந்த எண்கள் எங்க ஆளுங்களுக்கு மனப்பாடம். ஆனா 23 கண்டெய்னரை ஒவ்வொண்ணா கட்டுறது வேலை, ஒரே ஒரு விசி-3 குடுத்துட்டா முடிஞ்சது, அது 48.384. 50ன்னு பில்லு, உள்ள 48.384. 100க்கு ரெண்டு விசி-3ன்னா 96.768. யாரும் ஏமாத்தணும்னு செய்யறதில்ல, ப்ரொவிஷன் பண்றவனுக்கு ராத்திரி 11 மணி, க்ளிக் பண்ண ஒண்ணா, இருபத்தி மூணான்னு யோசிப்பான். அதனால ஆர்டர்லயே எழுதி வாங்குங்க, எத்தனை விசி-12ன்னு. ஜிகாபிட்டுக்கும் இதே கதைதான், 7 விசி-4ஐக் கோர்த்தா 1,048, கச்சிதம். கோர்க்கத் தெரியாத பழைய பெட்டி 16 விசி-4ஐ மொத்தமா விழுங்கும், பாதிக்கு மேல காலி.

ஃபோன் கால் சமாச்சாரத்தைத் தனியா வெச்சதுக்கு காரணம் இருக்கு. 45 கால்னா ரெண்டு ஈ1, 30ம் 15ம், 4.096 எம்பி. இதையே ஐபில போட்டா ஒவ்வொரு காலும் 64ல நிக்காது. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், 160 பைட் குரல், 40 பைட் ஹெட்டர், 18 பைட் ஈதர்நெட், செகண்டுக்கு 50 தடவை, ஆக 87.2 கேபிபிஎஸ். 160 பைட் கொப்பரைக்கு 58 பைட் சாக்கு! 45 கால் 3.92 எம்பி, அப்பாடா, ரெண்டு ஈ1 அளவுதான். ஆனா ஒரு ஈ1ல சொகுசா போற 30 கால் ஐபில 2.6 எம்பி கேக்கும், 2 எம்பி லைன்ல நிக்கவே நிக்காது. பிஆர்ஐயை, அதாவது ஈ1ல வர ஃபோன் லைனை, எடுத்துட்டு அதே 2 எம்பில ஐபில ஓடுற சிப் டிரங்க் போட்டு 22, 23 கால் தாண்டினதும் குரல் கரகரன்னு உடையுதுன்னு வந்தவங்க எத்தனையோ பேர். குரலைச் சுருக்கி அனுப்புற ஜி.729 போட்டா 31.2க்கு இறங்கும், அப்போ கவலை இல்ல, ஆனா குரல் கொஞ்சம் டப்பாக்குள்ள இருந்து வர மாதிரி இருக்கும்.

இவன்கிட்ட இருந்த எக்ஸ்சேஞ்ச் பெட்டி பழசு, ஈ1 மட்டும்தான் பேசும். நான் சொன்னேன், ஃபோனைத் தொடாத, ரெண்டு ஈ1ஐ தனியா எடு, டேட்டாவை வேற வழில விடு. ஈ1 எடுத்தா ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், க்ளாக். ஒரு பக்கம் லைன்ல இருந்து க்ளாக் எடுக்கணும், ரெண்டு பெட்டியும் நான்தான் ராஜான்னு சொந்த க்ளாக்ல ஓடினா, 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 10 பங்கு வித்தியாசத்துக்கே 12.5 செகண்டுக்கு ஒரு தடவை ஸ்லிப் ஆகும், ஒரு ஃப்ரேம் நழுவிடும். பேசுறவங்களுக்கு ஒரு சின்ன டிக், அவ்ளோதான், ஃபேக்ஸ் மட்டும் நடுவுல செத்துப்போகும். குரல் நல்லா இருக்கு ஃபேக்ஸ் போகல சார்னு கம்ப்ளெயிண்ட் வந்தா நான் முதல்ல கேக்குற கேள்வியே க்ளாக் எங்க இருந்து எடுக்கிறீங்கன்னுதான்.

அமெரிக்கா பக்கம் லிங்க் போடுறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவங்க டி1, நம்ம ஈ1. 24 குரலை நம்ம 32 அறைல எந்தெந்த அறைல வைக்கணும்னு ஜி.802ங்கற சர்வதேச விதில இருக்கு, 1ல இருந்து 15, அப்புறம் 16ஐ விட்டுட்டு 17ல இருந்து 25. குரலை பிட்டா மாத்துற விதியும் வேற, அவங்க மியூ-லா, நம்ம ஏ-லா, மாத்தாம விட்டா குரல் கேக்கும் ஆனா நாராசமா கேக்கும். யார் மாத்தணும்னு சண்டை போட வேண்டாம், ஜி.711ங்கற விதில தெளிவா இருக்கு, மியூ-லா நாடுதான் மாத்தணும். அவங்க பக்க இன்ஜினியரே இது தெரியாம நம்மளை மாத்தச் சொல்லுவாரு, அந்த வரியைக் காட்டுங்க.

இன்னொண்ணு, இது லைனே இல்ல, ஆனா லைன் மேலதான் பழி விழும். பழைய சர்வர்ல டிசிபி விண்டோ, அதாவது வந்து சேர்ந்துச்சுன்னு பதில் வரதுக்கு முன்னாடி அனுப்பக்கூடிய அளவு, 64 கேபிலயே நின்னுடும். போய்வர 30 மில்லிசெகண்டு ஆகுற தூரம்னா ஒரு கனெக்‌ஷனுக்கு 17.5 எம்பிபிஎஸ்தான், நீங்க எஸ்டிஎம்-1 என்ன, எஸ்டிஎம்-64 போட்டாலும் அதேதான். கோயமுத்தூர்-சென்னைக்கு 10 மில்லிசெகண்டுன்னு வெச்சா 52 வரும், தப்பிச்சோம். டெல்லின்னா மாட்டியிருப்போம், லைனை பெருசு பண்ணிப் பண்ணிக் காசைக் கரைச்சிருப்போம்.

கடைசில எதை எடுத்தோம்? டிஎஸ்3க்கும் ஈதர்நெட் 50க்கும்தான் போட்டி. டிஎஸ்3 பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கு, டிலே அசையாது, யார் கூடவும் பங்கு கிடையாது, 42.83ன்னா நடுராத்திரியும் பட்டப்பகலும் 42.83. மின்சார லைனோட ரெண்டு முனைலயும் ரிலே வெச்சு கரண்ட்டை ஒப்பிடுறவங்களுக்கு அந்த அசையாத டிலேதான் உயிர், அதனாலதான் அந்தத் துறைல டிடிஎம்மை, அதாவது ஈ1, டிஎஸ்3 மாதிரி ஒவ்வொருத்தருக்கும் நேரம் பங்கு போட்டுக் குடுக்கிற முறையை, அவ்ளோ சீக்கிரம் விட மாட்டேங்கறாங்க. ராத்திரி பேக்கப்புக்கு டிலே பத்து மில்லிசெகண்டு முன்ன பின்ன ஆனா யாருக்கு என்ன. கார்டு செலவு இல்லாம, இருக்கிற ரவுட்டர்ல இருக்கிற போர்ட்டுலயே சொருகலாம், நாளைக்கு 80 வேணும்னா ஒரு மெயில் போட்டா போதும், டிஎஸ்3ல 45க்கு மேல போகணும்னா அடுத்த படியே 155. அந்தப் படிக்கட்டு உயரம்தான் எனக்கு முடிவு பண்ணிக் குடுத்துச்சு. ஈதர்நெட் 50, கூட ஃபோனுக்கு ரெண்டு ஈ1. ஆலை நம்ம கேபிள் போகாத மலை ஓரமா இருந்து டிடிஎம் மட்டும்தான் வரும்னா டிஎஸ்3 எடுத்திருப்பேன், தயக்கமே இல்லாம. ஈ3 எந்தச் சூழ்நிலையிலயும் இல்ல.

இன்னைக்குக் கேட்டா பதில் இன்னும் சுருக்கம், ஃபைபர் வந்த இடத்துல டேட்டாவுக்கு டிடிஎம் எடுக்காதீங்க, பழைய எக்ஸ்சேஞ்ச், ரிலே மாதிரி ஈ1 மட்டுமே பேசுற சாமான் இருந்தா அதுக்கு மட்டும் ஈ1. ஆனா 50ன்னு எழுதியிருக்கிறது எந்த மட்டத்து 50ன்னு கேக்குற கேள்வி மாறல.

லைன் வந்து மூணாவது நாள் அவன் ஃபோன் பண்ணினான். "மச்சி, 47.4 வரும்னு சொன்ன, 46.2க்கு மேல ஏறவே மாட்டேங்குதுடா." ரெண்டு நிமிஷம் பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 48.384, அதுல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஜிஎஃப்பி, ஈதர்நெட்டை எஸ்டிஹெச்ல அடைக்கிற சாக்கு, 8 பைட், 1,526க்கு 1,460, 46.29. விசி-3 குடுத்திருக்காங்க. ஆர்டர்ல 23 விசி-12ன்னு எழுதச் சொன்னேனேடான்னா, மறந்துட்டேங்கறான். பேக்கப் எத்தனை மணிக்கு முடியுதுன்னு கேட்டேன். "நாலரைக்கு முன்னாடியே முடிஞ்சுடுதுடா." அப்போ விடு, தூங்குன்னு சொல்லி வெச்சுட்டேன். முதலாளிகிட்ட மட்டும் சொல்லியிருக்கான் போல, அவர் பில்லுல 50க்குப் பதிலா 48ன்னு போடச் சொல்லுங்கன்னு சண்டை போட்டு ஒரு மாச வாடகையைக் குறைச்சுட்டார், மண்டிக்காரர் மகன் ஆச்சே.